நான் தமிழில் கத்திய மைதானம்

நான் ட்ராம் ஓட்டுகிறேன். அதுதான் என் வேலை. ஆனால் போன வருடம் வரைக்கும் யாராவது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் 'கோச்' என்றுதான் சொல்லி வந்தேன். கலியாண வீடுகளில் இதைச் சொன்னால் நம்முடைய ஆட்கள் முதலில் கிரிக்கெட்டா என்பார்கள். இல்லை, அமெரிக்கன் ஃபுட்போல் என்றால் முகம் விழுந்துவிடும். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஆளையாள் இடித்து விழுத்துவார்களே, அந்தக் கண்டறியாத விளையாட்டா என்பார்கள். ஓம், அதேதான். கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற பந்துக்கு ஏன் ஃபுட்போல் என்று பெயர் வைத்தார்கள் என்று ஒருத்தர் தவறாமல் கேட்பார். எனக்கென்ன தெரியும்? பெயர் வைத்தது நானா? அதற்குப் பிறகு அவர் தன் சோற்றைப் பார்ப்பார், நான் என் சோற்றைப் பார்ப்பேன்.

இந்தக் கண்டறியாத விளையாட்டுக்குள் நான் போய் விழுந்தது பதினொரு வயதில். அப்பா முதலே ஜேர்மனிக்கு வந்துவிட்டார். அம்மாவும் நானும் பின்னால் வந்தோம். டார்ம்ஸ்டாட்டுக்குப் பக்கத்தில் எங்களை வைத்திருந்த அகதி விடுதியிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் அமெரிக்க இராணுவக் குடியிருப்பு. அங்கே சிப்பாய்களின் பிள்ளைகள் பின்னேரங்களில் விளையாடுவார்கள். அவர்களுக்கு எப்போதும் ஆள் குறை. வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு சொல் ஜேர்மன் வராது. வாயைத் திறந்தால் சிரிப்பார்கள். இங்கே சொல்லே தேவைப்படவில்லை. முன்னால் நிற்பவனைத் தள்ளினால் போதும். இந்த நாட்டில் நான் முதன்முதலாகக் கோபப்பட்டது அந்தப் புல்லில்தான். அதற்குக் கைதட்டினார்கள்.

பிறகு அமெரிக்கர்கள் போய்விட்டார்கள். நான் ஒரு கழகத்தில் சேர்ந்து முழங்கால் போகும்வரை விளையாடினேன். முழங்கால் போன பிறகு சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அப்படி இருக்கும்போது எங்கள் நகரத்துப் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் தேடி வந்தார்கள். தாங்கள் ஓர் அணி தொடங்கப் போவதாகவும், பல்கலைக்கழக அணிகள் மட்டும் ஆடும் ஒரு சின்னத் தொடரில் சேரப் போவதாகவும், கோச் இல்லை என்றும் சொன்னார்கள். நான் பல்கலைக்கழக வாசலை ட்ராமுக்குள் இருந்து பார்த்தவன். அங்கே ஒரு தரிப்பிடம் இருக்கிறது, அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் உள்ள உறவு. அதன் முதலாவது ஃபுட்போல் கோச் நான் என்றால் சிரிப்பு வராதா? அம்மா சிரிக்கவில்லை. என்ர மகன் யூனியில படிப்பிக்கிறான் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் டெலிஃபோன் அடித்துச் சொன்னார். நான் திருத்தப் போகவில்லை. அம்மாவுக்கு அதுவாவது கிடைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாணவர் அணியை வைத்திருப்பது என்ன கொடுமை என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒரு பையன் ஒழுங்காகக் குனிந்து நிற்கப் பழக ஒரு குளிர்காலம் போய்விடும். இடித்தால் கண்ணை மூடாமல் இருக்க இன்னொரு குளிர்காலம். சரி, இனி இவன் ஆடுவான் என்று நான் நம்பத் தொடங்குகிற நேரம் வந்து கைகொடுப்பான். கோச், எனக்கு மியூனிக்கில் இடம் கிடைத்துவிட்டது, டிரெஸ்டனில் வேலை கிடைத்துவிட்டது, பரீட்சை இருக்கிறது, காதலி வேண்டாம் என்கிறாள். போனவன் போனவன்தான். ஒக்டோபரில் புதிதாக நாலு பேர் வருவார்கள். நான் திரும்பவும் பந்தைத் தூக்கிக் காட்டி, இதுதான் பந்து என்று தொடங்குவேன். இப்படியே வருடக் கணக்காக. எல்லா வருடமும் நாங்கள்தான் கடைசி. மழையில் தோற்றோம், வெயிலில் தோற்றோம், எதிரணியின் பாதிப்பேர் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாளிலும் போய்த் தோற்றுவிட்டு வந்தோம்.

அதையாவது தாங்கலாம். தாங்க முடியாதது ஒன்று இருந்தது. இந்த விளையாட்டில் இவ்வளவு காலத்தில் நம்முடைய ஆள் ஒருவரை நான் கண்டதே இல்லை. உதைபந்தாட்டத்துக்குப் போனால் தமிழ்ப் பெடியன்கள், கிரிக்கெட்டுக்குப் போனால் தமிழ்ப் பெடியன்கள், பட்மின்டன் மண்டபத்தில் போத்தல் தண்ணியோடு தமிழ் அம்மாக்கள். என் மைதானத்தில் மட்டும் ஒரு குஞ்சும் இல்லை. வெளியூர் மைதானத்துக்குப் போனால் முதலில் பார்வையாளர் பக்கம்தான் பார்ப்பேன், ஒரு கறுத்தத் தலையாவது தெரிகிறதா என்று. ஒருமுறை கோயில் திருவிழாவில் நின்று பெடியன்களைக் கேட்டுப் பார்த்தேன். தாய்மார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள், கை கால் முறிஞ்சால் ஆர் பாக்கிறது என்று. தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த ஒரு பையன் ஒரு நாள் வந்தான். முதலாவது இடியைப் பார்த்ததும் "சார், இது ரொம்ப ரிஸ்க் சார்" என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். நான் அவனைக் குறை சொல்லவில்லை.

தமிழ் என் மைதானத்துக்குள் வந்தது என் கோபத்தால். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு தடவையும் பந்து அசைவதற்கு முன்னால் என்ன செய்யப் போகிறோம் என்று எல்லாருக்கும் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம், ஓட்டமா, எறிதலா. அது எதிராளிக்குத் தெரிந்தால் கதை முடிந்தது. அதனால் எல்லா அணிகளும் ஆங்கிலத்தில் இரகசியச் சொற்கள் வைத்திருப்பார்கள். என்னுடைய பெடியன்களுக்கு அது மண்டையில் ஏறாது. வருடா வருடம் புது மண்டைகள் வேறு. நான் சொல்வேன், மறப்பார்கள், எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் எனக்கு ஜேர்மன் வராது, ஆங்கிலமும் வராது. கெதியா ஓடடா, இடப்பக்கத்தால போடா விசரா என்று கத்துவேன். போன வருடம் மாசி மாதம் என்று நினைக்கிறேன், பந்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் குவார்ட்டர்பேக் என்னிடம் வந்தான். பௌதிகம் படிக்கும் நெட்டையன், அமைதியானவன். 'இடப்பக்கம்' என்றால் இடதா என்று கேட்டான். ஓம் என்றேன். 'கெதியா' என்றால் வேகமா என்று கேட்டான். ஓம் என்றேன். எங்களுக்கு விளங்குகிறது, அவர்களுக்கு விளங்காது, பிறகெதற்குக் கோச் அந்த ஆங்கிலம் என்றான்.

அட, என்று நின்றுவிட்டேன். மண்டைக்குள் யாரோ லைட் போட்டது போல் இருந்தது.

அன்றிலிருந்து பயிற்சி தமிழில் நடந்தது. இடப்பக்கம், வலப்பக்கம், நடுவால, ஓடு, எறி, பொறு, கெதியா. இவ்வளவுதான். மறைசொல் என்று ஒன்றும் இல்லை. சொன்னால் சொன்னதுதான். அதுதான் அதன் அழகு. கோட்டுக்கு வெளியே நின்று, எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, அந்த இடத்திலேயே மனதில் பட்டதை நான் வாய்விட்டுக் கத்தலாம். வேறெந்தக் கோச்சுக்கு இது முடியும்? மஞ்சள் தலைகளும் செம்பட்டைத் தலைகளுமாக ஒரு கூட்டம் பனிக்குளிரில் நின்று "நடுவால! நடுவால!" என்று கத்திக்கொண்டு ஓடியதைக் கண்டபோது நான் விசில் ஊத மறந்துவிட்டேன். கொஞ்ச நாளில் அவர்கள் வேறு சொற்களும் கேட்டுப் பழகிவிட்டார்கள். பயிற்சிக்கு வரும்போதே "சாப்பிட்டாச்சோ, கோச்?" என்பான் ஒருவன். அந்த மைதானத்தில் நான் சந்தோசமாக இருந்தேன். பல வருடத்துக்குப் பிறகு, உண்மையான சந்தோசம்.

மனைவிக்கு இதைச் சொன்னபோது அவள் ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். ரயிலில நடந்தது மறந்துபோச்சோ என்று மட்டும் கேட்டாள்.

மறக்கவில்லை. அதை எப்படி மறப்பது? ஒருமுறை நாங்கள் இரண்டு பேரும் ஃப்ராங்ஃபுர்ட் ரயிலில் வந்துகொண்டிருந்தோம். எதிர் ஆசனத்தில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஓர் ஆள் பெரிய பாண் துண்டு ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எத்தியோப்பியர் என்று நினைத்துவிட்டோம். நான் வாயை வைத்துக்கொண்டு இருந்தேனா? இந்தாள் பாணைத் தின்னுதோ, பாண் இந்தாளைத் தின்னுதோ என்று தொடங்கி, அந்தத் தொப்பி, அந்த வயிறு என்று ஒன்றும் விடவில்லை. இவளும் சிரித்தாள். அந்த மனிதர் சாப்பிட்டு முடித்து, வாயைத் துடைத்து, தன் தரிப்பிடத்தில் எழும்பி, "அப்ப நான் போட்டு வாறன் அண்ணை" என்று சொல்லி இறங்கிப் போனார். ஜேர்மனியில் இருக்கிற எந்தத் தமிழரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை வைத்திருப்பார். நாம் நினைக்கிறோம் நம்முடைய பாஷை நமக்குப் போட்ட போர்வை என்று. அதற்குள் எப்போதும் இன்னொருத்தர் இருப்பார்.

"எல்லா இடத்திலயும் எங்கட ஆக்கள் இருக்கினம்" என்றாள்.

"என்ர மைதானத்தில இல்லை" என்றேன். அதை எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன்! வேலிக்கு வெளியே நின்ற காலத்திலிருந்து பார்த்துப் பார்த்து ஏமாந்தவன் அல்லவா நான்? இது ஒன்றில் என்னை யாரும் மிஞ்ச முடியாது என்றுதான் நினைத்தேன்.

அந்த வசந்தத்தில்தான் பல்கலைக்கழக விளையாட்டு அலுவலகத்திலிருந்து டெர்மின், அதாவது வரவேண்டிய நாளும் நேரமும், தந்து கூப்பிட்டார்கள். அங்கே பொறுப்பாக இருந்த பெண் நல்லவர். கோப்பி ஊற்றித் தந்தார். சனிக்கிழமை மைதானத்தை தட்டெறிந்து ஃப்ரிஸ்பீ விளையாடும் குழு கேட்கிறது, அவர்களிடம் ஆள் நிறைய, வெற்றியும் நிறைய என்றார். எங்கள் அணி தொடங்கியதிலிருந்து ஓர் ஆட்டமும் வெல்லவில்லை என்பதைச் சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது. கடைசியில் சொன்னார்: இந்த வருடம் ஒரு வெற்றி காட்டுங்கள், ஒன்றே ஒன்று, அதை வைத்து நான் உங்களுக்காக வாதாடுகிறேன். அதுவும் இல்லாவிட்டால் இலையுதிர்காலத்திலிருந்து மைதானம் அவர்களுக்கு. மைதானம் இல்லாவிட்டால் அணி இல்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஒரு வெற்றி. என்ன பெரிய விஷயம்? ஊரெல்லாம் வெல்கிறார்கள்.

முதல் ஆட்டத்தில் தோற்றோம். ஆனால் மயிரிழையில் தோற்றோம். எதிரணியின் கோச் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார், ஒரு மண்ணும் விளங்காமல். அதற்குப் பிறகு நடந்த ஆட்டங்களிலும் அப்படித்தான். கடைசி நிமிடத்தில் ஒருவன் பந்தை நழுவ விட்டான், இன்னொரு நாள் ஒருவன் புள்ளி கிடைக்கும் கடைசிக் கோட்டுக்கு ஓரடி முன்னால் சறுக்கி விழுந்தான். தோல்விதான், ஆனால் இப்படிப்பட்ட தோல்விகளை நான் கண்டதில்லை. பெடியன்களின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. குவார்ட்டர்பேக் தன் மாஸ்டர் ஆய்வைக் கொடுக்க வேண்டிய திகதியை அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட்டுத் தள்ளி வைத்துவிட்டு நின்றான். கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில் இருந்தது. வடக்குப் பக்கத்திலிருந்து ஓர் அணி வருகிறது, அவர்களும் பெரிய அணி அல்ல. வெல்லலாம் என்று முதல் தடவையாக எனக்குத் தோன்றியது. அந்த எண்ணம் வந்தபிறகு இரவில் நித்திரை போய்விட்டது.

அன்றைக்கு மனைவியும் வந்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவை. முழு அணிக்கும் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்தாள். அது என்ன ஆட்டம் என்றே அவளுக்குத் தெரியாது. பந்து எங்கே இருக்கிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை என்றாள். ஆனால் நான் கத்துவது எல்லாம் விளங்குகிறதே என்று சிரித்தாள்.

முதல் பாதியில் நாங்கள் முன்னுக்கு நின்றோம். நான் இடப்பக்கம் என்றால் எதிராளிகள் வலப்பக்கம் போனார்கள், எறி என்றால் ஓட்டத்தைத் தடுக்க ஓடி வந்தார்கள். இடைவேளையில் பெடியன்கள் ரோல்ஸைப் பிய்த்துத் தின்றுகொண்டு குதித்தார்கள். நான் அடக்கி வாசிக்கச் சொன்னேன். உள்ளே நானும் குதித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இடைவேளைக்குப் பிறகு எதிரணி தடுப்புப் பக்கத்தில் ஓர் ஆளை மாற்றியது. முன்வரிசைக்குப் பின்னால் நடுவில் நிற்கிற இடத்துக்கு ஐம்பத்து நான்காம் இலக்கக்காரன் வந்தான். கட்டையான ஆள். ஹெல்மெட், முகக்கம்பி, வாயில் பல்லுறை, நீளக்கை, கையுறை. இந்த ஆட்டத்தில் ஒருவனின் தோல் வெளியே தெரியாது. எங்கள் மட்டத்தில் முதுகில் பெயரும் எழுதுவதில்லை. நான் இடப்பக்கம் என்று கத்தினேன். அவன் தன் ஆட்களுக்கு ஏதோ ஜேர்மனில் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய் நின்றான். எங்கள் ஓட்டக்காரன் நேரே போய் அவன் மேல் விழுந்தான். தற்செயல் என்று விட்டேன். நடுவால என்றேன். அவன் நடுவில் நின்றான். எறி என்றேன். பந்து கையைவிட்டுப் போக முதலே அவன் பின்னால் ஓடத் தொடங்கிவிட்டான்.

கெட்டிக்காரன், எங்கள் குவார்ட்டர்பேக்கின் கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். பந்து போகிற பக்கத்தைப் பார்க்காதே என்று குவார்ட்டர்பேக்கிடம் சொல்லி அனுப்பினேன். ஒன்றும் மாறவில்லை. அவர்கள் பந்தை எங்கள் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் ஒரு டச்டவுன் போட்டார்கள். முன்னுக்கு நின்ற எங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் கொஞ்சம்தான் மிச்சம். எனக்குத் தலை கொதித்தது. பழைய ஆள் வெளியே வந்துவிட்டான்.

"உந்த எருமையை ஒருத்தனாலயும் பிடிக்கேலாதோ?" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

ஐம்பத்து நான்கு திரும்பினான். பந்து அந்தப் பக்கம் கிடக்கிறது, நடுவர் அந்தப் பக்கம் நிற்கிறார். இவன் நேரே என்னைத் திரும்பிப் பார்த்தான். முகம் தெரியவில்லை. ஆனால் அந்த ஹெல்மெட் குலுங்கியது. சிரிக்கிறான்.

பின்னால் மனைவி இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கையில் இருந்த ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் விளங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நான் என்ன செய்ய? ஆங்கிலச் சொற்கள் பாதிப்பேருக்குத் தெரியவே தெரியாது. கையால் சைகை காட்டிப் பார்த்தேன். தூரத்தில் நின்ற பெடியன்கள் நான் ஏதோ ஈ கலைக்கிறேன் என்பதுபோலப் பார்த்தார்கள். பேசாமல் இருந்தேன். குவார்ட்டர்பேக் ஒவ்வொரு தடவையும் என் வாயைப் பார்ப்பான், சொல்லுங்கோ என்று கைகாட்டுவான், நான் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பேன், அவன் தன்பாட்டில் எதையோ செய்து அடிவாங்குவான். கடைசி நேரம் வந்தது. அவர்கள் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். பந்து எங்களிடம், கோடு கண்ணுக்கு முன்னால், இன்னும் ஒரேயொரு தடவைதான். எனக்குள் ஒரு கள்ளப் புத்தி வந்தது. இடப்பக்கம் போக வேண்டும். வலப்பக்கம் என்று கத்தினால் அவன் வலப்பக்கம் போவான்.

"வலப்பக்கம்! கெதியா!" என்று கத்தினேன்.

என் பெடியன்கள் எல்லாரும் ஒன்றாக வலப்பக்கம் ஓடினார்கள். ஓடாமல்? வேறென்ன செய்வார்கள்? சொன்னால் சொன்னதுதான் என்று அவர்களுக்குப் படிப்பித்தவன் நான்தானே. இவ்வளவு நாளில் ஒரு நாளும் அவர்கள் இவ்வளவு அழகாக, ஒருவனும் தவறாமல், நான் சொன்னதைச் செய்ததில்லை. ஐம்பத்து நான்கு அங்கே நின்றான். அத்தோடு முடிந்தது.

ஆட்டம் முடிந்தால் இரண்டு அணியும் வரிசையாக நடந்து கைகொடுக்க வேண்டும். நான் கடைசியில் நடந்தேன். ஐம்பத்து நான்கு எனக்கு முன்னால் வந்து ஹெல்மெட்டைக் கழற்றினான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். நெற்றியில் தலைமயிர் ஒட்டியிருந்தது. பார்த்தவுடனே தெரிந்தது. கோயிலில், கலியாண வீட்டில், கடையில் எங்கும் நான் காண்கிற முகம். நான் என் மைதானத்தில் காணவே காணாத முகம்.

"அண்ணை, நீங்கள் யாழ்ப்பாணமோ? என்ர அம்மாவும் யாழ்ப்பாணம்தான்" என்றான். தமிழ் கொஞ்சம் ஜேர்மன் வளைவோடு வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே கொட்டினான். தான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து விளையாடுவதாகவும், வீட்டில் ஒருத்தருக்கும் விருப்பமில்லை என்றும், இந்த விளையாட்டில் ஒரு தமிழ் ஆளைக் காண்பது இதுதான் முதல் தடவை என்றும் சொன்னான். நான் எருமை என்று பேசியபோது சிரிப்பை அடக்க முடியவில்லையாம். அம்மா காலமையில் எழுப்புகிற மாதிரியே இருந்ததாம். பிறகு என் கையை விடாமல் சொன்னான்:

"ஒக்டோபரில மாஸ்டர் செய்ய உங்கட யூனிக்குத்தான் வாறன். இடம் கிடைச்சிட்டுது. உங்கட டீமில என்னை எடுப்பீங்களோ, அண்ணை?"

எனக்குப் பின்னால் என் பெடியன்கள் புல்லில் கிடந்தார்கள். குவார்ட்டர்பேக் தலையைக் கால்களுக்கிடையில் புதைத்துக்கொண்டிருந்தான். நான் அவர்களைப் பார்த்தேன், இவனைப் பார்த்தேன். இவன் மேல் கோபப்பட எனக்கு நியாயம் இருந்தது. கோபம் வரவில்லை. எவ்வளவு காலம் இப்படி ஒருத்தன் வருவான் என்று வேலி ஓரமெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றேன். வந்துவிட்டான். வந்த அன்றைக்கே எல்லாவற்றையும் முடித்தும் விட்டான். அது அவனுக்குத் தெரியாது.

"ஓம், வாங்கோ தம்பி" என்றேன்.

காரில் வரும்போது மனைவி நான் முதலே சொன்னேனே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகு, இனி அணி இல்லை என்று அவனுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். மிஞ்சிய ரோல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

ஆடியில் அலுவலகப் பெண் டெலிஃபோன் எடுத்தார். மைதானம் ஃப்ரிஸ்பீக்குப் போகிறது என்று சொல்ல மிகவும் மனவருத்தப்பட்டார். நான்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது. ஹெல்மெட்டுகளையும் தோள்கவசங்களையும் வேறொரு கழகத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். குவார்ட்டர்பேக் ஆய்வைக் கொடுத்துவிட்டு டிரெஸ்டனுக்குப் போனான். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து, "போட்டு வாறன், கோச்" என்றான். நான் சொல்லிக் கொடுக்காத சொல் அது. எங்கே கேட்டுப் பிடித்தானோ. அன்றைக்கு ட்ராம் ஓட்டும்போது கண் மங்கி ஒரு தரிப்பிடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். ஒரு கிழவி கம்பால் கண்ணாடியில் தட்டிப் பேசினார். பேசட்டும் என்று விட்டேன்.

அன்றைக்கு என் நம்பரை வாங்கிப்போன ஐம்பத்து நான்கு இடைக்கிடை வட்ஸப்பில் எழுதினான். புது அறையின் படம், புதுச் சப்பாத்தின் படம். அம்மாவிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன், தமிழ் கோச் என்றதும் முதல் தடவையாகக் கவனமாக விளையாடு என்றார் என்று ஒரு நாள் எழுதினான். பயிற்சி எப்போது என்று கேட்டபோது நான் முன்பு நாங்கள் கூடும் கிழமையையும் நேரத்தையும் எழுதி அனுப்பினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். டெலிஃபோனில் சொல்ல வாய் வரவில்லை. நேரே போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

ஒக்டோபரில் அந்தப் பின்னேரம் மைதானத்தில் ஃப்ரிஸ்பீக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். வெள்ளைத் தட்டுகள் அங்கும் இங்கும் பறந்தன. நல்ல பிள்ளைகள், சிரித்துக்கொண்டு விளையாடினார்கள். அவர்களை வெறுக்கக்கூட எனக்கு ஒரு வழியில்லை. அவன் பெரிய பையோடு ஓட்டமும் நடையுமாக வந்தான். எங்கட ஆக்கள் எங்கை அண்ணை என்று சுற்றிப் பார்த்தான். அணி இல்லை, மைதானத்தை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். இனி வராதா என்று கேட்டான். வராது என்றேன்.

அவன் பையைக் கீழே வைத்தான். தட்டுகள் பறப்பதைப் பார்த்தான். மூளையுள்ள பெடியன். நான் பயந்தது அதற்குத்தான்.

"அந்தக் கடைசி மட்ச்சாலயோ, அண்ணை?"

"இல்லை தம்பி. அது முதலே முடிவாகின விசயம்" என்றேன்.

விளையாட்டுக்காரனுக்கு நான் பொய் சொன்னதில்லை. கண்டபடி பேசியிருக்கிறேன், பொய் சொன்னதில்லை. அவன் நம்பிவிட்டான். அப்ப சரி, நான் பயந்திட்டன் என்று பெரிய மூச்சாக விட்டான். பிறகு புதுச் சப்பாத்தை எடுத்துப் போட்டான். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், ஒருக்காவாவது அன்றைக்கு மாதிரிக் கத்துங்கோவன் அண்ணை என்று கேட்டான். நான் ஏதும் சொல்வதற்கு முன்னால் மைதான ஓரத்தில் ஆளில்லாமல் கிடந்த புல்துண்டுக்கு ஓடிப் போனான். கால்களை அகட்டி, ஒரு கையை நிலத்தில் ஊன்றி, ஒழுங்காகக் குனிந்து நின்றான். நான் பழக்கியிருந்தால்கூட இவ்வளவு ஒழுங்காக வந்திருக்காது.

"சொல்லுங்கோ அண்ணை, எந்தப் பக்கம்?"

நான் வாயைத் திறந்தேன். இடப்பக்கம் என்றோ வலப்பக்கம் என்றோ ஒரு சொல் சொன்னால் போதும். சத்தம் வரவில்லை. அவன் குனிந்தபடியே என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான்.